வாசுகி வாங்கிய ஹெட்போன்

கடைக்காரன் தீபன் முதலில் எடுத்துக் காட்டியது காதுக்குள் செருகுகிற இயர்பட். மொச்சைக்கொட்டை அளவுதான் இருந்தது. வாசுகி அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"இது வேணாம் தம்பி. தலைய ஆட்டுனா விழுந்துரும்."

"விழும்தான் ஆன்ட்டி. நீங்க கொண்டாந்த இந்தப் பழைய பிளேயருக்கு செட்டாவவும் செட்டாவாது லா. வயர் வச்சதுதான் போடணும்."

"அப்ப காத முழுசா மூடுற மாதிரி குடு. வெளிய இடி விழுந்தாலும் அவருக்குக் கேக்கக் கூடாது."

தீபன் மேல் தட்டிலிருந்து கறுப்பு நிறத்தில் பெரிய ஹெட்போன் ஒன்றை இறக்கினான். இரண்டு பக்கமும் மெத்தை வைத்தது. வாசுகி அதைத் தன் தலையிலேயே மாட்டி, கழுத்தை இப்படியும் அப்படியும் வெட்டி வெட்டிப் பார்த்தாள். அசையவில்லை. கடைக்கு வெளியே சிகாமட் டவுனின் மோட்டார் சைக்கிள்கள் சத்தமில்லாமல் ஓடின. அவளுக்குப் பரம திருப்தி.

"இதே இருக்கட்டும்."

"அங்கிள் குடுத்து வச்சவரு ஆன்ட்டி. ஸ்ட்ரோக் வந்து படுத்துட்டா பக்கத்துல உக்காரக்கூட ஆள் இருக்காது. நீங்க அவரு பாட்டு கேக்கணும்னு இப்படிப் பாத்துப் பாத்து வாங்குறீங்க."

வாசுகி சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்திருந்தால் தீபன் கடையைச் சாத்திவிட்டு ஓடியிருப்பான். அவள் பழி வாங்க வந்திருந்தாள். அதற்கு வேண்டிய சாமான்களைத்தான் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன் கனகராஜ், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழ லோரி ஓட்டினவன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் காதைப் பாட்டு இல்லாமல் அவள் பார்த்ததில்லை. முதலில் வாக்மேன், பிறகு வட்டத் தட்டு போடுகிற பிளேயர், கடைசியில் கட்டைவிரல் அளவு இந்த எம்பி3. ஊரே போனில் பாட்டுக் கேட்க ஆரம்பித்தபோதுகூட அவன் மாறவில்லை. போன் என்றால் நடுவில் மனைவி கூப்பிட்டுத் தொலைப்பாளாம். கேஸ் தீர்ந்துவிட்டது, வாடகை கேட்டு வந்தார்கள், ஆயர் ஈத்தாமிலிருக்கும் என் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று அவள் எதைச் சொல்ல வந்தாலும் ஒரு விரலால் காதைக் காட்டுவான். கண்ணை மூடிக்கொள்வான். முடிந்தது பேச்சு.

இதையெல்லாம்கூட அவள் தள்ளிவிட்டிருப்பாள். அடிக்காதவன், குடிக்காதவன், சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறவன் என்று மனசை ஆற்றிக்கொள்ள ஆயிரம் இருந்தன. ஆற்ற முடியாதது ஒன்றே ஒன்று.

ஆறு ஊருக்குள் புகுந்த வருஷம் அது. அப்போது அவர்கள் ஆற்றோரக் கம்பத்தில், மலாய்க்காரர்கள் நிறைந்த கிராமத்தில், குடியிருந்தார்கள். வாசுகிக்கு ஐந்து மாதம், முதல் கர்ப்பம். தண்ணீர் வடிந்து வீட்டுக்குத் திரும்பியபோது உள்ளே கணுக்கால் அளவு சேறு. கனகராஜ் முன்வாசல் படியில் உட்கார்ந்து, வெள்ளத்தில் நனையாமல் காப்பாற்றிய வாக்மேன் பாடுகிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தான். அவள் பின்கட்டில் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தாள். வழுக்கியது. விழுந்த வேகத்தில் எழுந்திருக்க முடியவில்லை. கால்களுக்கு நடுவே சூடாக இறங்கியபோது அவளுக்கு விளங்கிவிட்டது. "ஏங்க, ஏங்க" என்று தொண்டை கிழியக் கத்தினாள். பின்கட்டிலிருந்து முன்வாசல் வரை நேர்கோடு. கிடந்த இடத்திலிருந்தே அவன் முதுகு அவளுக்குத் தெரிந்தது. பாட்டுக்குத் தலை மெல்ல ஆடிக்கொண்டிருந்ததும் தெரிந்தது. துடைப்பம் இரவல் கேட்க வந்த பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண்தான் அவளைப் பார்த்து அலறினாள்.

பிள்ளை போய்விட்டது. அதற்குப் பிறகு இன்னொன்று தங்கவும் இல்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே கனகராஜின் அக்கா புஷ்பவள்ளி நின்றுகொண்டு கேட்டாள். "அப்படி என்னா அவசரம் ஒனக்கு? புருஷன் வாசல்லதான இருந்தான். ஒரு சத்தம் போட்டிருந்தா ஓடி வந்திருக்க மாட்டான்? வாயில என்னா கொழுக்கட்டையா?"

வாசுகி கால்மாட்டில் நின்ற கனகராஜைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாவம், பாட்டில் இருந்தான், நான் கூப்பிட்டதே இவனுக்குத் தெரியாது, தெரிந்தால் உடைந்துபோவான் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டாள். அந்த வயதில் அவளுக்கு அவ்வளவு ஈரம் இருந்தது. அன்றிலிருந்து சொந்தபந்தம் முழுக்க, தன் அஜாக்கிரதையால் வயிற்றுப் பிள்ளையைத் தின்றவள் என்ற பெயர் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. கல்யாண வீட்டில் மணப்பெண்ணுக்கு நலங்கு வைக்க எழுந்தால், "நீ உக்காரு வாசுகி" என்று கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பார்கள். அப்போதும் கனகராஜ் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். நான் கூப்பிட்டேன் என்பது அவன் காதில் ஏற வேண்டும்.

நேரில் சொன்னால் ஆகாதா என்று கேட்பீர்கள். அவன் படுக்கையில் விழுந்த பிறகு இரண்டு தடவை ஆரம்பித்துப் பார்த்தாள். வலது கையும் காலும் செத்துப்போய், நாக்கும் இழுத்துக்கொண்டுவிட்ட அந்த நிலையிலும் அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு தூங்குகிற மாதிரி பாசாங்கு செய்தான். அன்றுதான் அவள் முடிவு செய்தாள். எந்த வழியை அடைத்து என்னை வெளியே நிறுத்தினானோ, அந்த வழியாகவே உள்ளே போகிறேன்.

"இதுக்கு ஒரு கவர் வேணும்," என்று பிளேயரை மேசைமேல் வைத்தாள்.

தீபன் ஒளி ஊடுருவுகிற உறை ஒன்றைக் காட்டினான். பட்டன்கள் தெரிந்தன, வேண்டாம் என்றாள். கையில் கட்டிக்கொள்கிற பட்டை ஒன்றைக் காட்டினான். அதுவும் வேண்டாம். கடைசியில் ஜிப் வைத்த கெட்டியான பை ஒன்றை அவளே தொங்கவிட்ட இடத்திலிருந்து உருவி எடுத்தாள்.

"அதுல பட்டன் எல்லாம் உள்ள போயிரும் ஆன்ட்டி. அங்கிளால பாட்ட மாத்த முடியாது, நிறுத்தவும் முடியாது."

"பரவால்ல. மாத்துனா கொழம்பிக்குவாரு."

"சார்ஜர் வயரு?"

"நீட்டா குடு. கட்டில் வரைக்கும் வரணும். பாதியில நின்னு போகவே கூடாது."

அதோடு ஒரு பவர் பேங்க், காலியான ஒரு மெமரி கார்டு. வண்ண வண்ணமாக ஒட்டுகிற ஸ்டிக்கரைத் தீபன் இலவசமாகத் தருகிறேன் என்றான். அதனால் என்ன பிரயோஜனம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். பிறகு, ஏதோ நினைவு வந்தவள் போல, "இதுல பேசிப் பதிய முடியும்னாங்களே?" என்றாள்.

"அலமாக், அதெல்லாம் யாரும் யூஸ் பண்றதே இல்ல ஆன்ட்டி. இந்தப் பட்டன அமுக்கிப் பிடிச்சா ரெக்கார்ட் ஆவும். கோயில் பஜனை ஏதும் எடுக்கப் போறீங்களா?"

"அந்த மாதிரிதான்," என்றாள் வாசுகி.

வீட்டுக்கு வந்ததும் கனகராஜ் வருஷக்கணக்காகச் சேர்த்துவைத்த பாட்டு கார்டை உருவி அரிசி டின்னுக்குள் போட்டாள். புதுக் கார்டைச் செருகினாள். அடுப்படியில் குக்கர் விசிலடிக்க, பிளேயரை வாயருகே வைத்துக்கொண்டு பட்டனை அமுக்கினாள். என்ன பேசுவது என்று முதலில் திகைப்பாகத்தான் இருந்தது. 'ஏங்க' என்று ஆரம்பித்ததும் மடை திறந்துகொண்டது. அம்மா செத்த செய்தியோடு நான் வாசலில் நின்றபோது, பாட்டு முடியட்டும் என்று விரலைக் காட்டினீர்களே, அதிலிருந்து ஆரம்பித்தாள். வெள்ளத்தை மட்டும் தொடவில்லை. அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டாள். பசியோடு இருக்கிறவனுக்கு முதல் வாயிலேயே மிளகாயை வைப்பார்களா?

ஹெட்போனை மாட்டியபோது கனகராஜின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. கோணிய வாயால் சிரித்தான். அடுத்த நொடியே கண் அகலமானது. இடது கையால் ஹெட்போனைத் தட்டிவிட்டான். வாசுகி எடுத்து மாட்டினாள். மறுபடி தட்டினான். மறுபடி மாட்டினாள். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் உள்ளே இருந்தது. மூன்றாவது தடவை அவன் கை போர்வை மேலேயே கிடந்தது. அவன் கேட்டான். அவள் எதிரே உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கினாள். இத்தனை வருஷத்தில் இவ்வளவு நிம்மதியாக அவள் காய் நறுக்கியதில்லை.

தினமும் ஒன்று பதிந்தாள். தினமும் சாயங்காலம் சூப்பு எடுத்துக்கொண்டு புஷ்பவள்ளி வருவாள். தம்பி தலையில் ஹெட்போனைப் பார்த்து உருகிப் போவாள். "பேருக்கேத்த பொண்டாட்டிடா ஒனக்கு" என்று கன்னத்தைத் தடவிவிட்டுப் போவாள். கனகராஜ் அக்காவையே பார்த்துக்கொண்டிருப்பான். வாசுகிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும்.

ஆனால் ஒரு வாரம் போனதும் நடக்கக் கூடாதது நடந்தது. காலையில் கஞ்சி குடித்த கையோடு கனகராஜ் தானாகவே காதைக் காட்டினான். அவளுக்குப் புரியவில்லை. ஹெட்போனைக் கண்ணால் காட்டி, மறுபடி காதைக் காட்டினான். வேண்டுமாம்! அவள் எரிந்து விழுந்தாள். "என்னா, கதாகாலட்சேபமா நடக்குது இங்க?" தண்டனையைக் கேட்டு வாங்குகிறவனை என்ன செய்ய முடியும்? அன்று முழுக்க அதை மாட்டிவிடாமல் வைத்திருந்தாள். சாயங்காலம் வரை அவன் காதையே காட்டிக்கொண்டிருந்தான்.

இனி காத்திருக்க வேண்டாம் என்று தீர்மானித்தாள். மறுநாள் அடுப்பை அணைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து வெள்ளத்தைச் சொன்னாள். சேற்றைச் சொன்னாள், ரத்தத்தைச் சொன்னாள், அவன் முதுகைச் சொன்னாள். "நான் கூப்பிட்டேங்க. ஒங்க அக்கா சொன்ன மாதிரி வாய மூடிக்கிட்டு இல்ல. தொண்டை கிழியக் கூப்பிட்டேன். பாட்டுல ஒங்களுக்குக் கேக்கல. கேட்டிருந்தா நம்ம புள்ள இருந்திருக்கும். இது ஒங்களுக்குத் தெரியாம நீங்க போய்ச் சேரக் கூடாது." முடிக்கும்போது முகமெல்லாம் நனைந்திருந்தது. கழுவிக்கொண்டு போய் மாட்டிவிட்டாள்.

இந்த முறை காய் நறுக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நெஞ்சில் அடித்துக்கொள்வான், கதறுவான் என்று எதிர்பார்த்தாள். அவனிடம் அசைவே இல்லை. கடைசியில் இடது கையால் ஹெட்போனைத் தானே கழற்றி வயிற்றின் மேல் வைத்தான். வாயைக் கோணினான். படுத்த நாளிலிருந்து பேச முயற்சி செய்யுங்கள் என்று நர்ஸ் கெஞ்சியும் பேசாதவன், கழுத்து நரம்பு புடைக்க ஒரு சொல்லை வெளியே தள்ளினான்.

"கே...ட்டுச்சி."

"நான் பதிஞ்சதா? கேக்கட்டும்னுதான மாட்டுனேன்."

அவன் தலையை ஆட்டினான். இல்லை என்று ஆட்டினான். "அன்...னிக்கி. நீ... கூப்...ட்டது. கே...ட்டுச்சி."

வாசுகி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கோபமெல்லாம் இதுவரை அந்தப் பாட்டின் மேல், வயரின் மேல், காதில் செருகியிருந்த அந்தப் பஞ்சு உருண்டைகளின் மேல்தான் இருந்தது. காது அடைத்திருந்த மனுஷன் என்ன செய்வான் என்று ஒரு மூலையில் அவனுக்காக வாதாடிக்கொண்டே வந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் அவன் தரையைப் பார்த்தது இப்போது புரிந்தது. அக்கா கேட்ட கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் அந்த அறையில் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள்.

"கேட்டுச்சா? அப்ப ஏன் வரல?"

அவன் கண் சுவர்ப் பக்கம் ஓடியது. அவள் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

அப்போது வாசல் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. சூப்பு டப்பாவோடு புஷ்பவள்ளி நின்றாள். வாசுகி போய் அவள் கையைப் பிடித்து, செருப்பைக் கழற்றக்கூட அவகாசம் கொடுக்காமல் உள்ளே இழுத்து வந்து கட்டிலுக்கு எதிரே உட்கார வைத்தாள்.

"ஒங்க தம்பி பேசுறாரு அண்ணி."

"முருகா! மெய்யாவா? தம்பி, என்னாடா சொன்ன?"

"எங்கிட்ட சொன்னத இவங்ககிட்டயும் சொல்லுங்க," என்றாள் வாசுகி. "அன்னிக்கி வெள்ளத்துல நான் கூப்பிட்டனா?"

கனகராஜ் அக்காவைப் பார்த்தான். "கூப்...ட்டா. கே...ட்டுச்சி. போவ...ல."

புஷ்பவள்ளி எதுவும் விளங்காமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். விளங்கியபோது அவள் முகம் வெளுத்தது. "சரி விடு வாசுகி," என்று குரலைத் தாழ்த்தினாள். "எப்பவோ நடந்து முடிஞ்சது. படுத்துக் கெடக்குற மனுஷன்..."

"உக்காருங்க அண்ணி. அவரு இன்னும் முடிக்கல. ஏன் வரலன்னு சொல்லல."

"வேணாமே..."

"எனக்கு வேணும்."

வாசுகி நகரவில்லை. அவன் தண்ணீர் கேட்டு ஜாடை காட்டினான். கொடுத்தாள், ஒழுகியதைத் துடைத்தாள், மறுபடி அதே இடத்தில் நின்றாள். கனகராஜ் பல முறை வாயைத் திறந்து திறந்து மூடினான். எச்சில் வழிந்தது. அவள் விடுவதாக இல்லை என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"பா...ட்டு," என்றான். மூச்சு வாங்கியது. "பாட்டு... முடிய...ட்டும்னு..."

புஷ்பவள்ளி டப்பாவைத் தரையில் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் தம்பி பக்கம் திரும்பவே இல்லை. எழுந்து வந்து, "அம்மாடி" என்று வாசுகியின் கையைப் பிடிக்கப் பார்த்தாள்.

வாசுகி கையைக் கொடுக்கவில்லை.