தலை மழுங்கிய போல்ட்

பத்து மணிக்கு முடிந்திருக்க வேண்டிய வேலை. வேனின் முன்சக்கரத்தைக் கழற்றி, பிரேக்கைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் எடுத்து, தேய்ந்த பிரேக் பேடை மாற்ற வேண்டும். மேல் போல்ட் சொன்னபடி கேட்டது. கீழ் போல்ட்டில்தான் என் லட்சணம் வெளியே வந்தது.

வேன் ஓட்டும் அம்மா ஓரத்தில் பழைய டயர்மேல் உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுக்காரர் கால் முறிந்து மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டு. ஆளும் நெட்டை, காரில் மடக்கி ஏற்ற முடியாது. இந்த வேனில்தான் நீட்டிப் படுக்கவைத்துக் கொண்டுவர வேண்டும். நாலு மணிக்குள் போனால் இன்றைக்கே விடுவார்கள். தவறினால் கையெழுத்துப் போடும் டாக்டர் மூன்று நாள் லீவு.

"இன்னும் மூணு நாள் இருந்தார்னா நர்சுங்க வேலைய விட்டுட்டு ஓடிருவாங்கண்ணே. அவர் வாய் அப்படி" என்றார்.

அந்த போல்ட்டுக்கு, தலையை முழுசாகக் கவ்விப் பிடிக்கும் ஆறு மூலை சாக்கெட் போட வேண்டும். என்னுடையது பக்கத்து வெல்டிங் ஷெட்டில் இருந்தது. அது என் மனைவியின் தம்பி, எங்க மாப்ளயின் ஷெட். இரண்டு மாதத்துக்கு முன்னால் வாங்கிப்போனான். அவனும் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. "மாமாவால கழட்ட முடியாததெல்லாம் கடைசில எங்கிட்டதான் வரும்" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து நடுச்சுவர் பக்கம்கூட நான் திரும்புவதில்லை.

அதனால் பல் தேய்ந்த பழைய ஸ்பேனரை மாட்டி இழுத்தேன். வழுக்கியது. வீம்புக்கு இன்னொரு தடவை இழுத்தேன். போல்ட்டின் மூலையெல்லாம் போய், தலை மொழுமொழு என்று ஆகிவிட்டது. என் விரல் முட்டியிலும் தோல் போனது.

"என்னண்ணே, சத்தம் ஒரு மாதிரி கேட்டுச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. கொஞ்சம் அடம் பிடிக்குது."

"போல்ட்டா, நீங்களா?"

எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். ஒரு அளவு சின்ன ஸ்பேனரைச் சுத்தியலால் அடித்து ஏற்றினேன். உளி வைத்துத் தட்டினேன். போல்ட் தலை இன்னும் அழகாக உருண்டையானதுதான் மிச்சம். மணி ஒன்று. வேன்காரம்மா உட்காருவதை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்திருந்தார்.

சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி சக்கரத்தைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.

"ஒரு வார்த்த கூப்பிட்டா வாயில இருக்கற முத்து உதிர்ந்துருமா?"

"எனக்கு யாரும் வேணாம்."

"உங்களுக்கு வேணாம். இந்தம்மாவுக்கு வேணும்ல?" அவள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "தம்பி! மாமா உன்னக் கூப்பிடறாரு!" என்று கத்தினாள்.

"நான் எங்கடி கூப்பிட்டேன்?"

"இனிமே கூப்பிட்டுக்கங்க. அவன் கிளம்பிட்டான்."

வந்தான். குத்தவைத்து உட்கார்ந்து, பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி போல்ட்டையே பார்த்தான்.

"மாமா, இது போல்ட்டா, கோலிக்குண்டா?"

துருப்பிடித்திருந்தது என்று பொய் சொல்ல வாயெடுத்தேன். வேன்காரம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் கெடுத்தேன். தேஞ்ச ஸ்பேனர். உங்கிட்ட சாக்கெட்டத் திருப்பிக் கேட்க மனசு வரல."

அவன் தலையைச் சொறிந்தான்.

"கேட்டிருந்தாலும் கிடைச்சிருக்காது மாமா. வாங்கிட்டுப் போன மறுநாளே தொலைச்சுட்டேன். உங்க மூஞ்சில முழிக்க பயந்துதான் நானும் இந்தப் பக்கம் வரல."

என் மனைவி சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "ரெண்டு மாசமா ரெண்டு பேரும் ரோஷத்துல இருக்கீங்கன்னு நெனச்சேன். ஒருத்தருக்கொருத்தர் ஒளிஞ்சுக்கிட்டுல்ல இருந்திருக்கீங்க!"

"அந்தச் சிரிப்ப நாலு மணிக்கு மேல வச்சுக்கலாம்மா" என்றார் வேன்காரம்மா.

புது போல்ட்டும், வெல்டிங் சூட்டில் கருகப்போகும் பிரேக் ரப்பருக்குப் பதில் புதியதும் வாங்க அவரையே கடைக்கு அனுப்பினோம். பேட்டரி வயரைக் கழற்றினேன். பிரேக் குழாயைச் சுற்றி ஈரச்சாக்கைத் திணித்தேன். மாப்ள, போல்ட்டின் மொட்டைத் தலைமேல் ஒரு நட்டை வைத்து, அதன் ஓட்டைக்குள்ளேயே பற்றவைத்தான். நட்டும் போல்ட்டும் ஒன்றாகிச் சிவந்தன; ஸ்பேனர் பிடிக்கப் புதுத் தலை கிடைத்தது. நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனரை எடுத்தேன். அவன் அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டான்.

"ஆறட்டும் மாமா. ரெண்டு மாசம் பொறுத்தீங்க, பத்து நிமிஷம் பொறுக்க மாட்டீங்களா?"

சிவப்பு கறுப்பானது. அதன்பிறகு ஸ்பேனரை என் கையிலேயே கொடுத்தான். "நீங்களே கழட்டுங்க. நாளைக்கு நாலு பேர்கிட்ட 'நானே கழட்டினேன்'னு நீங்க சொல்லணும்."

மூச்சைப் பிடித்து இழுத்தேன். டக்கென்று ஒரு சத்தம். இன்னொரு தடவையும் வழுக்கிவிட்டது என்றே நினைத்தேன். இல்லை, திரும்பியிருந்தது. காலையிலிருந்து முறைத்துக்கொண்டிருந்த போல்ட், கால் சுற்று, அரைச் சுற்று என்று சாதுவாக வெளியே வந்தது.

புது பேடும் போல்ட்டும் போட்ட வேன் மூன்றேகாலுக்கு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டது. ஐந்தரைக்கு அதே வேன் என் ஷெட் முன்னால் வந்து, ஒரு பக்கம் இழுக்காமல் குலுங்காமல் நின்றது. மற்றவர்கள் உள்ளே இருந்த ஆளைப் பார்த்தார்கள். நான் சக்கரத்தைப் பார்த்தேன். ஜன்னல் வழியாக மாவுக்கட்டுக் காலின் கட்டைவிரல்தான் முதலில் தெரிந்தது. பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"உங்களாலதான் இன்னிக்கு வீட்டுக்கு வர முடிஞ்சுதுன்னு இவ சொல்றா. உங்களாலதான் வர முடியாம போயிருக்கும்னும் சொல்றா. நான் எத நம்பறது?"

"ரெண்டையும் நம்புங்கண்ணே. எங்க மாமா ரெண்டும் செய்வாரு" என்றான் மாப்ள.

அவனை முறைக்கத் திரும்பினேன். என் தூக்கிலிருந்த கடைசி வாய்ச் சோற்றை வழித்துக்கொண்டிருந்தான். வேன் மெதுவாக நகர்ந்தது. தெருமுனை வேகத்தடைக்கு முன்னால் பிரேக் விளக்கு எரிந்தது. வேன் நின்று, அந்தக் கால் அதிராதபடி ஏறி, இறங்கி, வீட்டுப்பக்கம் திரும்பியது.