பிறபொருள் மாப்பிள்ளை

கிண்ணியாவில் ஸைனுலாப்தீன் தன் மகள் றஹ்மாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டுக்கு, மாப்பிள்ளை குடிவந்த வாரமே காய்ச்சல் வந்தது. அது 1963ஆம் ஆண்டு, அரசாங்கம் நெல்லைப் புசல் பன்னிரண்டு ரூபாய்க்கு எடுத்த காலம். முதலில் மாப்பிள்ளை தாஹிர் படுத்திருந்த அறையின் சுவர் சிவந்தது. பிறகு சூடேறியது. பிறகு வீங்கியது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டு வந்த தாஹிர் வாசலில் தோளை நுழைக்க முடியாமல் நின்றான். கதவு நிலை இரண்டு பக்கமும் பருத்து, பூனை போகிற அளவுக்குத்தான் இடைவெளி இருந்தது. உள்ளேயிருந்து றஹ்மா நிலையைத் தள்ளிப் பார்த்தாள். வீடு முனகியது. அதற்கு நோகிறது என்று விளங்கியதும் அவள் கையை எடுத்துக்கொண்டாள். ஸைனுலாப்தீன் கூரையில் ஏறி ஓடுகளின் மேல் ஈரச் சாக்குகளை விரித்தார். சாக்குகள் ஆவி விட்டன.

இந்தப் பக்கத்தில் கலியாணம் முடித்த பெண் தன் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து சேர்வார். அதனால் பெண் பிள்ளை பிறந்தால் வாப்பாமார் அத்திவாரம் வெட்டத் தொடங்கிவிடுவார்கள். றஹ்மா தவழ்ந்தபோது வீடு முழங்கால் உயரம் நின்றது. அவள் பள்ளிக்கூடம் போனபோது அதற்குச் சுவர் எழும்பியது. அவளுக்குச் சின்னமுத்து போட்ட வருடம் புதிதாகப் பூசிய சுவரிலும் செம்புள்ளிகள் கிளம்பின, அவளுக்கு இறங்கியபோது சுவருக்கும் இறங்கின. அந்த நாட்களில் வீட்டுக்குள் வந்து போன எல்லாவற்றையும், மேசன், ஆடுகள், வண்டில் மாடு, அடுத்த வளவுக் கோழிகள் எல்லாவற்றையும், வீடு தன்னுடையது என்று எடுத்துக்கொண்டது. வீட்டின் நடுவில் ஓர் அறை இருந்தது. றஹ்மா சிறுமியாக இருந்தபோது அதில் பத்துப் பேர் படுக்கலாம். அது ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் சுருங்கி, கலியாண நாளில் ஓர் அலுமாரி அளவுக்கு வந்திருந்தது. அதில் பாய்களைச் சுருட்டி வைத்தார்கள். வீடென்றால் எங்காவது ஒரு குறை இருக்கும் என்று ஸைனுலாப்தீன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

தாஹிர் மூதூர்க்காரன். மூதூருக்கும் திருகோணமலை இறங்குதுறைக்கும் இடையில் ஓடும் லோஞ்ச் படகில் எஞ்சின் பார்ப்பவன். அதிகம் கதையாதவன். எஞ்சின் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு மௌனம் ஒரு சொத்து என்று அவனைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். வீடு அவனைப் பிடிக்காமல் போனதற்கு அவனுடைய குணத்தில் காரணம் தேடியவர்கள் ஒன்றையும் காணவில்லை. காய்ச்சல் தணிந்து வாசல் மெலிந்ததும் அவன் மறுபடி வந்தான். முதல் தரம் வீடு அவனை யாரென்று பார்க்க ஒரு வாரம் எடுத்திருந்தது. இரண்டாம் தரம், கயிறு பிடித்து ஆற்றைக் கடக்கிற மிதவையான இழுவைப் பாதை அக்கரையை விட்டுக் கிளம்பும்போதே இக்கரையில் வாசல் வீங்கத் தொடங்கிவிட்டது. அவன் வளவுக்குள் காலை வைத்தபோது சுவர்களிலிருந்து வெள்ளைச் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்து, உயிருள்ளதுபோல் தரையில் ஊர்ந்து, அவன் போன தரம் விட்டுப்போன தலையணையைச் சூழ்ந்தது. தலையணையைத் தின்று முடித்துத் தானும் செத்து, மஞ்சள் படிந்த கூழாய்க் கிடந்தது. றஹ்மா அதைச் சிரட்டையால் வழித்து வாழைக்கு ஊற்றினாள்.

அன்றுதான் சுவரில் குழிகள் இருப்பதையும் கண்டார்கள். சின்னச் சின்னக் குழிகள். ஒன்று தாஹிரின் மூக்கின் வடிவம், ஒன்று அவன் இடது காதின் வடிவம், ஒன்று முழங்கை. வெளிச்சுவரில் சாய்ந்தவனின் மூக்கைக் குழி கவ்விப் பிடித்துக்கொண்டது. தேங்காயெண்ணெய் விட்டுத்தான் கழற்றினார்கள். கூட வந்திருந்த அவன் தம்பி லாபிர் தன் மூக்கையும் அதில் வைத்துப் பார்த்தான். பிடிக்கவில்லை.

“உனக்கெண்டே அளவெடுத்துச் செஞ்சிரிக்கி காக்கா,” என்றான் லாபிர் அண்ணனிடம். “தையக்காரன்கூட இவ்வளவு சரியா அளவெடுக்க மாட்டான்.”

தாஹிர் மூக்கைத் தடவிக்கொண்டான். அதன் பிறகு அவன் லோஞ்சின் எஞ்சின் தட்டில் படுத்தான். றஹ்மா அவனோடு மூதூருக்குப் போகவும் ஒருமுறை ஆயத்தமானாள். அவள் இழுவைப் பாதையில் ஏறியதும் வீட்டுக்கு நடுக்கம் பிடித்து ஓடுகள் கழன்று விழுந்தன. அவளுக்கும் பல் கிட்டிக்கொண்டது. திரும்பி வந்துவிட்டாள். மாலையில் அவன் வேலிக்கு அந்தப் பக்கமும் அவள் இந்தப் பக்கமும் நின்றார்கள். பள்ளிவாசல் மரைக்காயர்மார் கூடி, நோன்பு பிறக்கும் முன் இரண்டு பேரும் ஒரு கூரையின் கீழ் வராவிட்டால் கலியாணத்தைப் பிரித்துவிடுவது இரண்டு குடும்பத்துக்கும் நல்லது என்றார்கள். அவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள்.

றஹ்மா வேலிக்கு மேலால் கேட்டாள். “நீங்க என்ன சொல்றீங்க?”

“நான் பிரியமாட்டன்,” என்றான் தாஹிர். கலியாணம் முடிந்து அவன் அவளோடு கதைத்ததில் அதுவே நீளமான வசனம் என்று அவள் பிற்காலத்தில் சொன்னாள்.

அந்த மாதம் அம்மைப்பால் குத்துவதற்காகக் குலசிங்கம் என்ற சுகாதாரப் பரிசோதகர் ஊருக்கு வந்திருந்தார். நெற்றியில் திருநீறும் சைக்கிளில் ஐஸ் பெட்டியுமாகத் திரிந்த உற்சாகமான மனிதர். வீட்டைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இது ஒரு பெரிய விஷயமே இல்லை என்றார்.

“அம்மைக்கு என்ன செய்யிறம்? நோயைக் கொஞ்சமாக் காட்டிறம். உடம்பு பழகிப்போகுது. உங்கட மருமகனையும் கொஞ்சம் கொஞ்சமாக் காட்டுங்கோ.”

“கொஞ்சம் கொஞ்சமா எண்டா எப்பிடி ஐயா?” என்று ஸைனுலாப்தீன் கேட்டார். “ஆள் முழுசாத்தானே இரிக்காரு.”

குலசிங்கம் சிரிக்கவில்லை. வழிமுறை சொன்னார். முதலில் தாஹிரின் நகத்துண்டுகளைச் சுவரில் ஆணியால் கீறி, கீறலுக்குள் வைத்துப் பூசினார்கள். கீறிய இடம் கொஞ்சம் தடித்து அடங்கியது. பிறகு தலைமயிர். பிறகு எஞ்சின் எண்ணெய் ஊறிய பழைய பெனியனைச் சுருட்டி விறாந்தைத் தூணுக்குள் அடைத்தார்கள். ஒவ்வொரு தரமும் இலேசான சூடு வந்து போனது. எல்லாரும் நம்பிக்கையோடு இருந்தார்கள். கடைசியில் தாஹிர் புதுச் சாரம் உடுத்து, அத்தர் பூசி, ஊர்வலமாக வந்தான். தெருமுனையிலேயே வீடு அவனைக் கண்டுகொண்டது. வாசல், யன்னல், கிணற்று வாய்கூட அடைபட்டுப்போயின. வெளிச்சுவர் முழுவதும் மூக்குகளும் காதுகளும் முழங்கைகளுமாகக் குழிகள் பொங்கி வந்தன. ஊர்வலத்தில் வந்தவர்கள் பயந்து அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

குலசிங்கம் சுவரைத் தட்டிப் பார்த்தார். “ஊசி நல்லாப் பிடிச்சிருக்கு,” என்றார். “இனி இந்த வீட்டுக்கு மாப்பிள்ளை வரவே வராது.” தன் வேலையில் அவருக்கு உண்மையான பெருமை இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு தம்பலகாமத்துக்குப் போய்விட்டார்.

இந்தக் கதை திருகோணமலைப் பட்டினத்தில் உயிரியல் படிப்பித்த இராசதுரை மாஸ்டரின் காதுக்கு எட்டியது. நோயை உடம்பு எதிர்க்கிற நிர்ப்பீடனப் பாடத்துக்குக் கரும்பலகையில் படம் கீறிக் கீறி அலுத்திருந்த அவர், மாணவர்களைக் கூட்டிக்கொண்டு இழுவைப் பாதையில் ஆற்றைக் கடந்து வந்தார். மாணவர்கள் வெளிச்சுவரைத் தொட்டுப் பார்த்துக் கொப்பியில் எழுதினார்கள். சிவத்தல், சூடு, வீக்கம், நோவு. ஐந்தாவது அறிகுறி தொழிலிழப்பு என்று மாஸ்டர் சொன்னார், உதாரணமாக வாசலைக் காட்டினார், அதற்குள்ளால் ஒருவரும் போக முடியாது. சுண்ணாம்புத் தூள் வெண்குருதிச் சிறுதுணிக்கை, அந்நியனை விழுங்கித் தானும் சாகும். குழிகள் பிறபொருளெதிரி, ஒரு குழிக்கு ஒரு மூக்குத்தான். பின் யன்னலால் உள்ளே ஏறி நடு அறையைப் பார்த்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது, குழந்தையில் பெரிதாக இருந்து வயதோடு சுருங்கும், எது தன்னது எது பிறத்தியானது என்று உடம்பின் கலங்கள் அதற்குள்தான் படிக்கின்றனவாம், சீமைச் சஞ்சிகை ஒன்றில் இப்போதுதான் எழுதியிருக்கிறார்கள் என்றார். வேலியோரம் நின்ற தாஹிரை மாணவர்கள் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். “அப்ப அவர்தான் பிறபொருள்,” என்றாள் ஒரு மாணவி. அந்தப் பெயர் அவனுக்கு நிலைத்துவிட்டது. பிறபொருள் மாப்பிள்ளை.

“அந்தப் பள்ளிக்கூடம் மூடிப்போச்சு,” என்று மாஸ்டர் பாய்கள் சுருட்டி வைத்த நடு அறையைக் காட்டினார். “இனி புதுசா ஆளைப் படிக்க வீட்டுக்கு வழியில்லை. அந்தச் சுகாதாரப் பரிசோதகரும் பழக்கேல்லைப் பாருங்கோ. சண்டைக்கு நல்லாப் படிப்பிச்சுவிட்டிருக்கிறார்.”

ஸைனுலாப்தீன் தலையில் கைவைத்துக்கொண்டு குந்தினார். றஹ்மா மாஸ்டருக்குத் தேத்தண்ணியும் இனிப்புத் தொதலும் கொண்டுவந்து வைத்தாள். அவர் தொதலைக் கடித்துக்கொண்டு, அவளைத் தேற்றுவதற்காகவோ வாய் சும்மா இருக்க மறுத்ததாலோ, இன்னொன்றையும் சொன்னார்.

“ஆனா பாருங்கோ பிள்ளை, உடம்பு எல்லாத்தையும் எதிர்க்கிறேல்லை. இந்தத் தொதலும் பிறபொருள்தான். ஊசியால ஏத்தினால் நான் செத்துப்போவன். வாயால போனால் ஒண்டும் செய்யாது. வாயால போறதையும் எதிர்த்தால் நாங்கள் நாளுக்கு மூண்டு தரம் சாகவேணும்.”

றஹ்மா தட்டத்தை எடுக்காமல் நின்றாள். “அப்ப ஊட்டுக்கு வாய் எது, சேர்?”

மாஸ்டர் வாசலைப் பார்த்தார். மாணவர்கள் யன்னல்களைப் பார்த்தார்கள். றஹ்மா மட்டும் பின்பக்கம், புகை வந்துகொண்டிருந்த குசினியைப் பார்த்தாள். மாப்பிள்ளைமார் முன்வாசலால்தான் வருவார்கள். குசினிக் கதவு அரிசிக்கும் மீனுக்கும் விறகுக்கும் உரியது. இத்தனை காலத்தில் ஓர் ஆணாவது அந்தக் கதவால் வந்ததில்லை. அந்தக் கதவு ஒருநாளும் வீங்கியதுமில்லை.

நோன்பு நெருங்கிக்கொண்டிருந்தது. கந்தூரிக்குச் சோறு ஆக்குகிற செப்புக் கிடாரத்தை றஹ்மா பள்ளிவாசலில் இரவல் கேட்டாள். என்னத்துக்கென்று லெப்பை கேட்டார். மாப்பிள்ளையை வைக்க என்றாள். லெப்பை தாடியைத் தடவி யோசித்து, அடுப்பு மூட்டாத வரைக்கும் மார்க்கத்தில் தடை இல்லை என்றார். றஹ்மா வேலிக்கு வெளியே தாஹிரை இருத்தி, அவன் உடம்பெல்லாம் உப்பும் மஞ்சளும் பூசினாள். அரைத்த கொத்தமல்லி பூசினாள். தேசிக்காய் பிழிந்தபோது அவன் கண் எரிந்தது.

“எரியுதா?”

“ஓம்.”

“பொறுங்க. ருசியா இரிக்கணும்.”

அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடாரத்துக்குள் குந்த, மேலே வாழையிலை போட்டு மூடினார்கள். லாபிரும் ஸைனுலாப்தீனும் இன்னும் இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு குசினிக் கதவால் போனார்கள். ஊர் முழுவதும் வேலியோரம் நின்றது. நிலை இலேசாகச் சிவந்தது. பிறகு, தலையைச் சாய்த்து மணம் பிடிப்பதுபோல், சிவப்பு அப்படியே நின்றது. றஹ்மா அடுப்புக்கு முன்னால் கிடாரத்தை இறக்கச் சொல்லி, ஆட்களை வெளியே அனுப்பி, பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளே அவன் மூச்சுவிடுவது அவளுக்குக் கேட்டது. சுவரிலிருந்து ஒரு சொட்டு நீர் வழிந்து வந்து கிடாரத்தின் விளிம்பைத் தொட்டது. இன்னொன்று வந்தது. சோறு வடிக்கிற நேரம் போயிருக்கும். அப்போது வீடு, அத்திவாரத்திலிருந்து முகடு வரைக்கும், நீளமாக ஓர் ஏப்பம் விட்டது. ஓடுகள் எழும்பித் தங்கள் இடத்தில் அமர்ந்தன. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாதைக்குக் காத்திருந்தவர்களுக்கும் அது கேட்டதாம்.

றஹ்மா இலையை எடுத்தாள். தாஹிர் எழும்பி, விறைத்துப்போன கால்களோடு குசினியைக் கடந்து, விறாந்தைக்கு நடந்தான். சுவரில் இருந்த மூக்குகளும் காதுகளும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. முன்வாசல் மெலிந்து திறந்தது. அடுத்த நாள் நோன்பு.

அதன் பிறகு எழுத அதிகம் இல்லை. பிள்ளைகள் பிறந்தார்கள். பாதி அந்நியமான அந்தப் பிள்ளைகளைப் பிறக்கும் முன்பே வீடு எந்தக் கேள்வியும் இல்லாமல் ஏற்றது. ஏன் என்று கேட்டதற்கு இராசதுரை மாஸ்டர் தனக்குத் தெரியாது, விஞ்ஞானத்துக்கும் இன்னும் தெரியாது என்றார். தாஹிருக்குத் தடிமன் பிடித்தால் யன்னல்கள் வடிந்தன. அவனிடம் வரி கேட்டு வந்த ஒருவர் வாசலில் இறுகிக்கொண்டார். வீட்டுக்கு அவன் இப்போது தன்னுடைய ஆள்.

அவன் உம்மா பரீதா, லோஞ்ச் வரும் நேரம் மூதூர் இறங்குதுறைக்கு வந்து மகனைப் பார்த்துவிட்டுப் போவார். எழுபத்திரண்டாம் ஆண்டு அவருக்கு முழங்கால் விழுந்துவிட்டது. வரமாட்டாமல் போனார். தாஹிர் எஞ்சினை மற்றவனிடம் கொடுத்துவிட்டு, கலியாணத்துக்குப் பிறகு முதல் தரமாகத் தான் பிறந்த வீட்டுக்கு நடந்து போனான். வாசலில் காலை வைத்தபோது நிலை சிவந்தது. அவன் அதை உடனே விளங்கிக்கொண்டான். மற்றவர்களுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. லாபிர் கிடாரம் எடுத்துவரத் திரும்பினான்.

“வேணாம்,” என்றார் உம்மா. “ஒரு மனிசன எத்தின ஊடு திங்கிற?”

தன் கதிரையை வாசலுக்கு உட்பக்கம் போடச் சொன்னார். மகன் வெளியே படியில் இருந்தான். உம்மா சோற்றைப் பிசைந்து உருட்டினார். அவன் வலது கையை மெல்ல உள்ளே நீட்டினான். மணிக்கட்டு வரை நிலை ஒன்றும் செய்யவில்லை. அதற்கு மேல் போனபோது சிவந்தது. கையை அந்த அளவிலேயே வைத்துக்கொண்டான். உம்மா உருண்டையை உள்ளங்கையில் வைத்தார். அவன் வெளியே எடுத்துத் தின்றான்.

உம்மா மௌத்தாகும் வரை வெள்ளிக்கிழமைகளில் அப்படித்தான் நடந்தது. தின்று முடிந்ததும் லோஞ்ச் ஊதும் வரைக்கும் இருவரும் அப்படியே இருப்பார்கள். அவனுடைய கை உள்ளேயே இருக்கும், அவர் பிடித்திருப்பார். தெரு ஒடுக்கம். அந்த வழியால் போகிறவர்கள் ஸலாம் சொல்லிவிட்டு, காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளச் சொல்லி, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள்.