அளவு போடாத அனுமதி

ஜெயசீலன் டீயைத் தொடவில்லை. நான்கு மாதங்களுக்கு முன் இறந்துபோன என் கணவர் டேனியலின் போனை முகத்தருகே பிடித்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே தொழிற்சாலை ஸ்டோரில் வேலை பார்த்தவர்கள். கிரிப்டோ காயின் வாங்கி விற்பதையும் சேர்ந்தேதான் கற்றுக்கொண்டார்கள்.

"அண்ணி, இந்த ஒரு சைட்டுக்கு மட்டும் அண்ணன் அளவே போடாம அனுமதி குடுத்திருக்காரு. வாலட்லேர்ந்து எவ்வளவு வேணா எடுத்துக்கலாம். அந்த சைட்டு இப்ப திருடனுங்க கையில. நேத்துலேர்ந்து ஒவ்வொருத்தர் வாலட்டா காலியாகுது."

நான் நம்பவில்லை. பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பவர் டேனியல். கேஸை அணைத்தோமா என்று கோர்படி ரயில்வே கேட்டிலிருந்து திரும்பி வந்தவர்.

"வேலை முடிஞ்சதும் டிஸ்கனெக்ட் பண்ணிடுவாரே. நானே பாத்திருக்கேன்."

"அது பேசிட்டு போனை வைக்கிற மாதிரி. குடுத்த அனுமதி அப்படியே நிக்கும். நாமளா ரத்து பண்ணணும்."

மகள் காவ்யாவின் நர்சிங் கடைசி வருடக் கட்டணம் முழுக்க அந்த வாலட்டில்தான் இருந்தது. ரத்து செய்ய ஒரு சிறு கட்டணம் வேண்டுமாம், வேறொரு காயினில். அது டேனியலின் வாலட்டில் இல்லை. ஜெயசீலன் தன்னுடையதிலிருந்து அனுப்பினார். வந்து சேரக் காத்திருந்தோம்.

காவ்யா பட்டியலைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற அனுமதிகளில் எல்லாம் தேவையான தொகையை மட்டும் அவர் நிதானமாகப் போட்டிருந்தார். அளவு போடாத அந்த ஒன்றில் அவள் விரல் நின்றது.

"அரே மம்மி, யே டேட் தேக்கோ, இந்தத் தேதியப் பாருங்க. உங்க ஆபரேஷன் நாள்தான? டைம் லெவன் ட்வெண்ட்டி."

அன்று பத்து மணிக்கே என்னை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். சாயங்காலம் கண் விழித்து, இத்தனை நேரம் என்ன செய்தீர்கள் என்று டேனியலிடம் கேட்டேன்.

"ஜெபம் பண்ணேன்."

"ஆறு மணி நேரமாவா? கர்த்தருக்கே காது வலிச்சிருக்கும்."

சிரித்தார். கவுண்டரில் திடீரென்று கேட்ட பணத்தை எப்படிப் புரட்டினார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. காயினைப் பணமாக்க அவசரமாக அந்த சைட்டில்தான் மாற்றியிருக்கிறார்.

அனுப்பிய காயின் வந்துவிட்டது. ஜெயசீலன் போனை என்னிடம் நீட்டினார். "நீங்களே அமுக்குங்க அண்ணி."

அமுக்கினேன். திரையில் சிறு வட்டம் சுழலத் தொடங்கியது. வெளியே ரயில்வே கேட் மூடும் மணி அடித்தது.

"ஹோ கயா? முடிஞ்சிடுச்சா?" என்றாள் காவ்யா.

அவளும் ஜெயசீலனும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அதற்கு மேலே இருந்த, அவர் அனுமதி கொடுத்த நேரத்தைப் பார்த்தேன். பதினொன்று இருபது. ஆஸ்பத்திரி வராந்தா, பிளாஸ்டிக் நாற்காலி, குனிந்த தலை. ஒருமுறைகூட இழுத்துப் பார்க்காமல் அழுத்திய அந்தக் கட்டைவிரல்.