பேண்டு வேண்டாம் என்றவள்

"ஆறே மாதத்தில் மேடை. தேர்ச்சிக்கு நாங்கள் பொறுப்பு" என்று ஜெரால்டு செல்போனைப் பார்த்து வாசித்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அக்கா அன்புச்செல்வி கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டினாள். வேண்டாம் என்கிற ஆட்டம் அது.

"இதுவும் ஆகலையாக்கா?"

"எடுத்துரு."

பள்ளிக்கூட நோட்டீஸுக்குக் காலையிலிருந்து இது நாலாவது வாசகம். சாகக் கிடக்கிறவளிடம் போய் நோட்டீஸா என்று கேட்காதீர்கள், கேட்டு வாங்கியது அவள்தான். புத்துநோய் நுரையீரல்வரை ஏறிவிட்டது, இன்றோ நாளையோ என்று புதுக்கோட்டை டாக்டர் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினால்தான் அவளுக்கு மூச்சு கொஞ்சம் சீராக வந்தது.

பள்ளிக்கூடம் என்றால் இலுப்பூர் கடைவீதியில் உரக்கடை மாடியில் பதினாலு வருஷமாக நடக்கிற அன்பு இசைப் பள்ளி. அவள் வைத்த போர்டில் ஒரே வரிதான்: 'பாட ஆசை இருந்தால் போதும், வாங்க.' கத்தாரில் சூப்பர் மார்க்கெட்டில் எட்டு வருஷம் இருந்துவிட்டு வந்த தம்பி, அக்கா படுத்ததும் பள்ளியைக் கையில் எடுத்தான். ஆசையை எவன் பார்ப்பான், ரிசல்ட்டைக் காட்டணும் என்று போர்டைக் கழற்றினான். 'எங்கள் மதிப்புகள்' என்று தலைப்புப் போட்டு ஒழுக்கம், தரம், வெற்றி என்று புதுப் போர்டு மாட்டினான். கத்தாரில் சரக்கு விற்ற புத்தி, எங்கே போகும்?

தரம் என்று எழுதிவிட்டால் தரமாக இருக்க வேண்டாமா! ரெண்டு மாசத்துக்கு முன்னால் மூன்று பேரைக் கூப்பிட்டு நிறுத்தினான். ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் தங்கமுத்து, சத்துணவு சமைக்கிற பிச்சையம்மாள், தையல்கடை சந்தனம். வயசான காலத்தில் பாட வந்தவர்கள். சுருதி ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம். "நம்ம விளம்பர வீடியோவுல ஒங்க குரல்தாங்க பிசிறடிக்குது. பள்ளிக்கூடத்துப் பேரு கெட்டுப்போயிரும். இனிமே நீங்க பாட வேணாங்க" என்றான். மூன்று பேரும் சரிங்க தம்பி என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள். அக்காவுக்கு இது தெரியாது.

"பழைய வரியவே போடு, ஜெரால்டு" என்றாள்.

"அத வச்சு இன்னைக்கு யாரு வருவா, சொல்லு?"

"தங்கமுத்தண்ணே வந்தாருல்ல." மூச்சு வாங்கியது. "வாராரா இப்ப?"

"வாராருக்கா."

"அவருக்கு இப்பத்தான் சுருதி கூடி வந்துச்சு. விட்டுராத."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று ஜெரால்டுக்கு உள்ளே அடித்துக்கொண்டது. ஒரு வார்த்தை திட்டினாலும் வாங்கிக்கொண்டு, மன்னிச்சிரு என்று கையைப் பிடித்துக்கொள்ளலாம். அதற்குள் அவளே பேசினாள்.

"என்னயத் தூக்கிட்டுப் போறப்ப பேண்டு செட்டு வைக்காத. எங்கிட்டப் படிச்சவுக பாடிக்கிட்டு வரட்டும். எனக்கு அது போதும்."

"என்னக்கா பேச்சு இது."

"சொல்லு, செய்வியா?"

"செய்யிறேன்க்கா. சத்தியமா."

சாப்பிட்டுவிட்டு வந்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். மூன்று மணிக்கு நோட்டீஸ் அடிக்கிற கடையிலிருந்து போன் வந்தது. வராந்தாவுக்குப் போய்ப் பேசினான். வெற்றி என்கிற எழுத்தைப் பெரிசாக்கவா, சிவப்பில் போடவா என்று அவர்கள் கேட்க, இவன் யோசித்துப் பதில் சொல்ல, பத்து நிமிஷம் ஆனது. திரும்பி வந்தபோது நர்ஸ் ஆக்சிஜன் குழாயை எடுத்துக்கொண்டிருந்தாள். பாவிப்பயல், எழுத்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான்!

மறுநாள் காலை இலுப்பூர் வீட்டில் பெட்டிக்குள் அக்கா கிடக்க, வாசலில் வேன் வந்து நின்றது. அன்றைக்குத் திருச்சியில் பாட்டுக்கான கிரேடு பரீட்சை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பதினெட்டுப் பேரும் பணம் கட்டியிருந்தார்கள். தேர்ச்சிக்கு நாங்கள் பொறுப்பு என்று பெற்றோர்களிடம் சொல்லியாயிற்று. "என்ன செய்யங்க?" என்று டிரைவர் கேட்டான். ஜெரால்டு பெட்டியைப் பார்த்தான், வேனைப் பார்த்தான். "போயிட்டு மூணு மணிக்குள்ள வந்துருங்க. அக்காவும் அதத்தான் சொல்லுவா" என்று அனுப்பிவைத்தான். அவள் அப்படிச் சொல்லமாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும்.

மூணும் ஆனது, நாலும் ஆனது. பரீட்சை தாமதமாகத் தொடங்கி இன்னும் ஏழு பேர் பாக்கி என்று டிரைவர் போனில் சொன்னான். ஃபாதர் ஜெபத்தை முடித்துவிட்டு, "கல்லறையில இருட்டிரும், தூக்கணும்பா. பாடுறதுக்கு யாரு இருக்கா?" என்று கேட்டார்.

யாருமில்லை என்று சொல்ல வாயெடுத்தான். அப்போதுதான் வேலியோரம் நின்ற மூன்று பேரைப் பார்த்தான். தங்கமுத்து சலவைச் சட்டையில், பிச்சையம்மாள் சத்துணவுக்கூடத்திலிருந்து நேராக, சந்தனம் கடையைச் சாத்திவிட்டு. காலையிலிருந்தே அவர்கள் அங்கேதான் நின்றிருக்கிறார்கள்.

ஓடிப் போய்த் தங்கமுத்து கையைப் பிடித்தான். "அண்ணே, பாடுங்கண்ணே. ஒங்க டீச்சர் கேட்டது. எதுவானாலும் பாடுங்க."

தங்கமுத்து மற்ற இருவரையும் பார்த்தார். பிச்சையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வேணாங்க தம்பி" என்றார் தங்கமுத்து. கோபமே இல்லை, அத்தனை தன்மையாகச் சொன்னார். "இத்தனை சனம் இருக்கு. செல்போனுல வேற புடிக்கிறாக. டீச்சர் கடைசிப் பயணத்துல எங்க பிசிறு கேக்கக் கூடாது. அவுக பேரு கெட்டுப்போயிரும்."

"நான் சொன்னது தப்புண்ணே. மன்னிச்சிருங்க. அக்காகிட்டச் சொல்லலாம்னுதான் இருந்தேன்..." என்று அழுதான்.

"இல்லங்க. சரியாத்தான் சொன்னீங்க. நாங்களும் வீட்டுல போய் யோசிச்சுப் பாத்தோம்."

அவன் அன்றைக்குச் சொன்னதை அவர்கள் அப்படியே நம்பிவிட்டிருந்தார்கள்.

பெட்டியைத் தூக்கினார்கள். முன்வலது பக்கம் தங்கமுத்து தோள் கொடுத்தார், அவருக்குப் பின்னால் ஜெரால்டு. கடைவீதியில் பேண்டும் இல்லை, பாட்டும் இல்லை. விராலிமலை பஸ் ஒன்று ஒதுங்கி நின்று வழிவிட்டது. செருப்புச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே வந்தது. ஜெரால்டு தலையைக் குனிந்தபடி நடந்தான். முன்னால் தங்கமுத்துவின் வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கையின் விரல்கள் மட்டும் வேட்டிமேல் ஒவ்வொன்றாகத் தட்டி, தாளம் தப்பாமல் எண்ணிக்கொண்டே போயின.