பேஸ்மட்டத்து மண்

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை காலையில், அண்ணன் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குள் கால் வைத்ததுமே மதிவதனிக்கு அந்த வாடை அடித்தது. மண்ணெண்ணெய் மாதிரி இருக்கும், ஆனால் மண்ணெண்ணெய் இல்லை. கொஞ்சம் தித்திப்பாக வந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். வேலை செய்யும் இடத்திலிருந்து தன் சேலையில் ஒட்டிக்கொண்டு வந்ததோ என்று முந்தானையை மோந்து பார்த்தாள். சோப்பு வாசம்தான் வந்தது.

அண்ணன் வேலன் கருமத்தம்பட்டியில் தறி ஓட்டுகிறவன். அப்பனும் ஆத்தாளும் ஆயுசு முழுக்க அடுத்தவர் காட்டில் பாடுபட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் செங்கல் வைத்து எழும்பும் முதல் வீடு இது. சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்திருந்தது. பேஸ்மட்டத்துக்குள் மண்ணை நிரப்பித் தண்ணீர் விட்டு இறுக்கியிருந்தார்கள்.

"அண்ணா, இந்த மண்ணு ஏதுங்க?"

"நரசிம்மலு லாரில வந்துச்சு அம்மணி. சல்லிசாக் குடுத்தான். ஏன், நல்ல மண்ணுதான?"

நரசிம்மலு அவள் வேலை பார்க்கும் ஆலையில் லாரி ஓட்டுகிறவன். வாடை எங்கிருந்து வருகிறதென்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஆலை சரவணம்பட்டிக்கு வெளியே இருந்தது. கடல் தாண்டி எங்கோ ஒரு துறைமுகத்தில் எண்ணெயும் பூச்சிமருந்தும் ஊறிப்போன மண், சீல் வைத்த கன்டெய்னரில் அங்கே வந்து இறங்கும். கப்பலுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு, அதைச் சூளையில் போட்டு எரித்து விஷத்தைப் போக்குவார்கள். அதற்குக் கொடுத்த அனுமதியில் விதிகள் கறாரானவை. உள்ளே வந்த மண் ஒரு கூடைகூட வெளியே போகக்கூடாது. எரித்த பிறகும் ஆலையின் குழியிலேயே கிடக்க வேண்டும். வழியில் சிந்தினால், சிந்திய இடத்து மண்ணையும் சேர்த்து வாரி வர வேண்டும். இருப்பை எரித்து முடிக்காமல் அடுத்த கப்பல் மண்ணைக் கேட்கவே முடியாது.

அந்த வருஷம், தொண்ணூற்றேழில், தீபாவளிக்கு முன்பே சூளை பழுதாகியிருந்தது. ஆனாலும் கொட்டகையில் மண்குவியல் குறைந்துகொண்டே வந்தது. கேட்டபோது, "வேற சூளைக்கு அனுப்பறோம்மா" என்றார் முதலாளி லட்சுமணசாமி. அவளும் நம்பியிருந்தாள்.

விஷயத்தைச் சொன்னதும் வேலன் முதலில் சிரித்தான். அப்புறம் அவன் முகம் மாறிவிட்டது.

"தோண்டச் சொல்றயா? மண்ணு கொஞ்சம் நாத்தமடிச்சா என்ன, மேல காரை போட்டு மூடறதுதான?"

"ஆத்தா படுக்கற ஊடுங்கண்ணா இது."

"உன்ற படிப்பெல்லாம் என்ற ஊட்டை இடிக்கறதுக்குத்தானா?" என்று கத்திவிட்டு அவன் வெளியே போனான். 

மதிவதனிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கிடைத்த பஸ்ஸில் ஏறி முதலாளி வீட்டுக்குப் போனாள். லட்சுமணசாமி மறுக்கவில்லை. சூளைக்கு உதிரிபாகம் வரத் தாமதமாகிறது, கப்பல் காத்திருக்கிறது, வேறு வழியில்லை என்றார்.

"உங்கண்ணன் ஊடுன்னு தெரியாதும்மா. தரைக்கு டைல்ஸ் நானே எறக்கித் தரேன். போதுமா?"

"இன்னும் எந்தெந்த ஊட்டுலங்க போட்டிருக்குது?"

அவர் வாசலில் நின்ற காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.  மறுநாள் அவள் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகப் படியேறினாள்.

அதிகாரி கிருபாவதி அன்றைக்கே ஜீப்பில் வந்தார். பேஸ்மட்டத்தில் ஒரு கைப்பிடி அள்ளியவர் முகம் சுளித்தார். நிரப்பிய மண் அத்தனையும் வெளியே வர வேண்டும், அடியில் வாடை அற்றுப்போகும்வரை வெட்ட வேண்டும் என்றார். கையுறை மாட்டிக்கொண்டு ஆட்கள் இறங்கப் போனபோது வேலன் குறுக்கே வந்தான்.

"என்ற ஊட்டுல வேறெவனும் மம்பட்டி போட வேண்டாமுங்க. கையுறையைக் குடுங்க, நானே வெட்டறேன்."

வெட்டினான். போட்ட மண் போன பிறகு, அடியிலிருந்த அவர்களுடைய சொந்த நிலத்து மண்ணும் அதே வாடை அடித்தது. இன்னும் வெட்டினான். அஸ்திவாரம் பக்கமாகப் பள்ளம் இறங்கியதும் தெற்குச் சுவர் விரிசல் விட்டது. அதையும் இறக்க வேண்டியதாயிற்று. மதிவதனி கூடை எடுக்கப் போனாள். அவன் கூடையைப் பிடுங்கி அப்பால் வீசினான்.

ஆலைக்குச் சீல் வைத்தார்கள். லட்சுமணசாமி மேல் வழக்கு. வேலை போன ஆட்கள் பஸ் ஸ்டாண்டில் மதிவதனியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நரசிம்மலு தான் கொட்டிய இடங்களையெல்லாம் காட்டிக் கொடுத்தான். ஒரு லோடு மட்டும் எங்கே போயிற்றென்று அவனுக்கே தெரியவில்லை. அவிநாசி பக்கம் ஒரு திருப்பத்தில் வேறு லாரிக்கு மாற்றிவிட்டானாம்.

அந்த ஒரு லோடு அவளை உட்கார விடவில்லை. வேலை தேடப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு அவிநாசி ரோட்டில் டவுன் பஸ்ஸில் போவாள். பாதி கட்டிய சுவர் தெரிந்தால் இறங்கிவிடுவாள். சில இடத்தில் திருடி என்று நினைத்து விரட்டினார்கள்.

பொங்கல் கழிந்து ஒருநாள் வேலன் வாசலில் மொபெட்டை நிறுத்தினான். தங்கச்சியோடு பேசி மாதக்கணக்காகியிருந்தது.

"தறிக்காரன் ஒருத்தன் சொன்னான். தெக்கலூர்ல ஒரு ஊட்டுல, தண்ணி விட்டா மண்ணு நாறுதாம். ஏறு."

அவள் ஏறிக்கொண்டாள். 

அந்த வீட்டில் தரை போட்டு முடித்திருந்தார்கள். பின்பக்கம் சமையலறைக்காக விட்டிருந்த இடத்தில் மட்டும் மண் தெரிந்தது. மதிவதனி குனிந்து ஒரு பிடி அள்ளினாள். முகத்தருகே கொண்டுபோகும் முன்பே தெரிந்துவிட்டது. உள்ளேயிருந்து ஒரு பெண் சேலையில் கை துடைத்துக்கொண்டே வந்தாள்.

"ஏனுங், யாருங்க நீங்க? என்னங்க வேணும்?"

 வேலன் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் போனான்.

"நானும் ஊடு கட்டறவன்தானுங்க அக்கா," என்றான். "கொஞ்சம் உக்காந்து பேசோணும்."