கம்பு தேடிப் போனவர்கள்

கம்பு ஒடிந்த சத்தம் கேட்டதும் தில்டா கையிலிருந்த வாழையிலையைப் போட்டுவிட்டுப் பாய்ந்தாள். அண்ணனின் தலை தரையில் மோதுவதற்குள் அவளுடைய இரண்டு உள்ளங்கைகளும் அடியில் போய்விட்டன. கொதித்தது. ஒன்பது வருடங்களாக அவள் தொடாத தலை.

"இறக்குங்க, மெதுவா இறக்குங்க!" என்று கத்தினான் அவள் மகன் பஸ்கால். கம்பின் முன்முனையைத் தோளில் வைத்தபடியே மண்டியிட்டான். கொப்பரைச் சாக்குகளைச் சேர்த்துத் தைத்துக் கட்டிய டோலி செஞ்சேற்றில் இறங்கியது. உள்ளே கிடந்த ஓத்மார் கண்ணைத் திறக்கவில்லை. வலது காலில் சுற்றியிருந்த துணியிலிருந்து வந்த நாற்றத்துக்கு சுமந்து வந்த நால்வரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மூன்று வாரத்துக்கு முன் தோட்டம் திருத்தும்போது பட்ட கோடரிக் காயம். ஊரில் மரம் வெட்டும் கம்பெனி கட்டிக்கொடுத்த மருந்தகத்துக்குச் சுவர் உண்டு, தகரக்கூரை உண்டு. நர்ஸ் வரவேயில்லை. இப்போது அதில் பன்றிகள் படுத்திருந்தன. கடற்கரையிலிருக்கும் மிஷன் ஆஸ்பத்திரிக்கு எட்டு மணி நேர நடை. விடியும்போது புறப்பட்டுப் பாதி தூரம்தான் வந்திருந்தார்கள்.

தில்டாவின் கொழுந்தன் உர்பான் ஒடிந்த கம்பை எடுத்து முழங்காலில் வைத்து அழுத்தினான். அது இன்னொரு இடத்திலும் ஒடிந்தது.

"பாரு, வாழைத்தண்டு தோத்துப்போகும். இந்த ரோட்டோரம் பூரா இந்தப் பூஞ்சை மரம்தான் முளைச்சுக் கிடக்கு" என்றவன் டோலிக்குள் எட்டிப் பார்த்தான். "தலைவரைத்தான் கேக்கணும், நல்ல மரமெல்லாம் எந்தக் கப்பல்ல போச்சுன்னு."

"வாயை மூடு சித்தப்பா" என்றான் பஸ்கால்.

"மூடினா கம்பு வந்துருமா?"

உர்பான் சொன்னதில் பொய்யில்லை. அவர்கள் நின்ற இடம் லோவே ஆற்றங்கரை. கம்பெனி பெருந்தடிகளை அடுக்கிப் போட்ட பாலம் இரண்டாவது மழைக்காலத்திலேயே சரிந்து ஆற்றில் கிடந்தது. அதை யாரும் மறுபடி தூக்கி வைக்கவில்லை. ஆற்றின் இரு பக்கமும் மொட்டை மேடுகள். அடிமரங்கள் கருத்து நின்றன. அவற்றின் மேல் ஒரே கொடி படர்ந்து எல்லாவற்றையும் மூடியிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் பச்சையாகத்தான் தெரியும். உள்ளே கையளவு கம்பு வெட்ட வழியில்லை.

"மேல் சரிவுல ரெண்டு குவிலா மரக்கன்னு நிக்கும், கெட்டி ஜாதி. போன மாசம் பார்த்தேன். போயிட்டு வர ஒரு மணி நேரமாகும்" என்றான் பஸ்கால். சுமந்து வந்த நால்வரும் வெட்டுக்கத்தியோடு போனார்கள். அண்ணி வெரோனிகா புட்டியை எடுத்துக்கொண்டு, தெளிந்த தண்ணீர் கிடைக்குமா என்று ஆற்றில் வந்து கலந்த ஓடையின் மேற்புறமாக ஏறினாள். ஆறு பால் கலக்காத டீ மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அதைக் குடிக்கக் கொடுக்க முடியாது.

டோலியருகே தில்டா மட்டும் இருந்தாள்.

அவள் வாழையிலையை எடுத்துச் சேற்றைத் துடைத்து, வெயில் படாமல் அவன் முகத்துக்கு மேல் பிடித்தாள். ஊரை விட்டுக் கிளம்பும்போது, "நீங்க எதுக்கு வர்றீங்க?" என்று உர்பானே கேட்டிருந்தான். அவள் பின்னாலேயே நடந்து வந்திருந்தாள்.

நியூ பிரிட்டன் தீவின் இந்தத் தென்கரையில் நிலம் தாயிடமிருந்து மகளுக்குத்தான் இறங்கும். அம்மாவுக்குப் பிறகு அந்தக் காடு தில்டாவுடையது, அவள் பிள்ளைகளுடையது. அண்ணன் அதற்குக் காவல், அவ்வளவுதான். ஒன்பது வருடத்துக்கு முன் ஓத்மார் தன்னைக் குலத்தின் தலைவர் என்று சொல்லிக் கம்பெனியின் காகிதத்தில் கையெழுத்துப் போட்டான். பள்ளிக்கூடம் வரும், டாக்டர் வருவார், ரோடு வரும் என்றார்கள். முழுசாக வந்தது ரோடு மட்டும்தான். அதன் வழியே ஆறு வருடம் மரங்கள் போயின. தில்டா படகேறி அரசாங்க ஆபீசுக்குப் போய், நான் சம்மதிக்கவில்லை என்று மனு கொடுத்தாள். அங்கே இருந்தவர் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். அவள் பெயருக்கு நேரே ஒரு பெருவிரல் ரேகை இருந்தது.

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். நான் எதுக்குக் கைநாட்டு வைக்கப் போறேன்?" என்று கேட்டாள்.

"அதை உங்க வீட்ல கேளும்மா" என்றார் அவர்.

ஊர் அதற்குப் பிறகு அவளை நம்பவில்லை. ரகசியமாக ரேகை வைத்துப் பங்கும் வாங்கிக்கொண்டு நாடகம் ஆடுகிறாள் என்றார்கள். ஓத்மார் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றோடு அவள் அவனிடம் பேசுவதை விட்டுவிட்டாள். இரண்டு வீடுகளுக்கும் நடுவே இருபது அடிதான்.

"தில்டா."

அவன் கண்கள் திறந்திருந்தன. மஞ்சள் பூத்த கண்கள்.

"வெரோனிகா எங்க?"

அவள் ஓடையின் மேற்புறத்தைக் கையால் காட்டினாள்.

"நீ பேச மாட்டே." அவன் சிரிக்கப் பார்த்தான்போலிருந்தது. உதடு வெடித்திருந்தது. "பேச வேண்டாம். கேட்டுக்க மட்டும் செய். அந்த ரேகை... வெரோனிகாவுது."

தில்டா ஓடையின் மேற்புறத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான்தான் கையைப் பிடிச்சு வச்சேன். அவ அழுதா. வயித்துல சின்னவன் இருந்தான். டாக்டர் வருவாருன்னு சொன்னேன். அவளை ஒண்ணும் சொல்லிராத. அவளுக்கு இங்க யாரும் இல்ல."

தில்டா இலையை இறக்கினாள். அவன் முகத்தில் வெயில் விழுந்தது. கொஞ்ச நேரம் அது அப்படியே கிடக்கட்டும் என்று விட்டிருந்தாள். பிறகு அவளே மறுபடியும் இலையைத் தூக்கிப் பிடித்தாள். இடுப்புத் துணியின் நுனியை மூங்கில் குழாயில் மிச்சமிருந்த நீரில் நனைத்து அவன் உதட்டில் பிழிந்தாள். அவன் சப்பினான், குழந்தை மாதிரி.

"அம்மா பக்கத்துல போடு என்னை" என்றான். "போடுவியா? ஒரு வார்த்தை சொல்லு."

அவள் வாய் திறந்தாள். ஒன்பது வருடமாகச் சேர்த்து வைத்திருந்தது அத்தனையும் ஒரே நேரத்தில் மேலே வந்து, எது முதலில் என்று தெரியாமல் நின்றது. அந்தச் சமயத்தில் மேட்டிலிருந்து பேச்சுக்குரல் கேட்டது. வெரோனிகா கலங்கல் தண்ணீரோடு இறங்கி வந்தாள். அவளுக்குப் பின்னால் பஸ்கால் ஒரு கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். ஒரு குவிலா கன்றுதான் நின்றிருந்தது, இன்னொன்றை யாரோ வெட்டிக்கொண்டு போய்விட்டார்களாம்.

ஆற்றைத் தாண்டினதும் சொல்லிவிடலாம் என்று தில்டா நினைத்தாள்.

நடு ஆற்றில், நீர் மார்பு வரை வந்த இடத்தில், பஸ்கால் நின்றான். "அம்மா, மாமாவைப் பாரு" என்றான். அவள் நீரைத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்தாள். ஓத்மாரின் வாய் திறந்திருந்தது. ஆற்றுநீர் சாக்கின் விளிம்பைத் தாண்டி அவன் காதோரம் ஏறி இறங்கியது. அவன் தலையை ஆட்டிக்கொள்ளவில்லை.

வெரோனிகா ஆற்றின் நடுவிலேயே கத்தினாள்.

எதிர்க்கரையில் இறக்கி வைத்தார்கள்.  உர்பான்தான் முதலில் பேசினான். இம்முறை கேலி இல்லை, களைப்பு.

"இனி ஆஸ்பத்திரி எதுக்கு? திரும்ப நாலு மணி நேரம் தூக்கணும். நான் சொல்றது தப்பா இருந்தா சொல்லுங்க. இங்கயே ரோட்டோரம் குழி வெட்டிருவோம். அவர் கொண்டுவந்த ரோடுதானே. குல நிலத்துல இவருக்கு இடம் குடுக்க ஊர்ல பாதிப் பேர் ஒத்துக்க மாட்டாங்க."

வெரோனிகா தில்டாவைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். கேட்க அவளுக்கு உரிமையில்லை, அது அவள் குலத்து மண் இல்லை. எல்லோரும் தில்டாவைத்தான் பார்த்தார்கள்.

"திருப்புங்க" என்றாள் தில்டா.

"அண்ணி, யோசிச்சுச் சொல்லுங்க..."

"அம்மா பக்கத்துல இடம் இருக்கு. திருப்புங்க."

மறுநாள் காலையில் புதைத்தார்கள். முன்பெல்லாம் அந்த இடுகாட்டில் நடுப்பகலிலும் இருட்டாக இருக்கும். இப்போது சுற்றி மரமில்லை. மிஷன் உபதேசியார் செபப் புத்தகத்தைப் பிடித்த கையாலேயே வெயிலுக்குக் கண்ணை மறைத்துக்கொண்டார். பெண்கள் துக்கத்துக்காக முகத்தில் பூசியிருந்த கரி வேர்வையில் வழிந்தது. குழி வெட்டியவர்கள் அடியில் களிமண் செங்கல்போல இறுகிக் கிடக்கிறது, மண்வெட்டி ஏறவில்லை என்றார்கள். ஒருகாலத்தில் புல்டோசர் திரும்பிய இடம் அது.

மண் மூடி, சேம்பு வேகவைத்த பானைகளை இறக்கும்போது கம்பெனி ஆள் வந்தான். முகாமிலிருந்து மூன்று மணி நேரம் நடந்து வந்திருந்தான். இரண்டு பேர் அரிசி மூட்டைகளைச் சுமந்து வந்தார்கள். துக்கம் விசாரித்தான். நல்ல மனுஷர் என்றான். பிறகு பஸ்காலைத் தனியே அழைத்து, பையிலிருந்து ஒரு காகித உறையை எடுத்தான்.

"மலைக்கு அந்தப் பக்கத்துக் காட்டுக்கான காகிதம். மாமா ஒத்துக்கிட்டதுதான். அவருக்கு அடுத்து மருமகன் நீங்கதானே? அவசரமில்ல. இன்னைக்கே கையெழுத்து ஆனா கப்பலுக்குச் சொல்லிருவேன்."

தனியே என்று அவன் நினைத்தது பத்தடி தூரம். எல்லோருக்கும் கேட்டது.

பஸ்கால் உறையைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தான்.

"அவங்களை ஏண்டா பார்க்கிற?" என்று உர்பான் பானையருகிலிருந்து கத்தினான். அவன் கண்கள் சிவந்திருந்தன. காலையிலிருந்து குழி வெட்டியவன். "போன தடவை ராத்திரியோட ராத்திரியா ரேகை வச்ச கை அது. இந்தத் தடவையும் வச்சுட்டு நான் இல்லேம்பாங்க. அண்ணனுக்கு இடம் குடுத்தது எதுக்குன்னு நினைக்கிற? அண்ணனும் தங்கச்சியும் ஒரே கணக்கு!"

யாரோ சிரித்தார்கள். யாரோ அவனை அதட்டினார்கள். தில்டா பானையிலிருந்து ஒரு சேம்பை எடுத்தாள். தோல் உரித்தாள். சூடு விரலைச் சுட்டது. தொடர்ந்து உரித்தாள். ஒரே ஒரு வாக்கியம் போதும். பெயரைச் சொன்னால் போதும். நேற்று அண்ணன் சொன்னது நாக்கு நுனியில் இருந்தது. எதிரே வெரோனிகா சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எட்டு வயதுப் பையன், அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டிருந்தான்.

தில்டா உரித்த சேம்பை இலையில் வைத்து, அடுத்ததை எடுத்தாள்.

"பேசுங்களேன்!" என்றான் உர்பான்.

"அந்த ரேகை என்னுது."

குரல் சன்னமாக இருந்ததால் யார் சொன்னது என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. வெரோனிகா பையனைப் பாயில் கிடத்திவிட்டு எழுந்தாள். வலது கையைத் தூக்கிக் காட்டினாள்.

"தில்டா வைக்கல. அவளுக்குத் தெரியவே தெரியாது. நான் வச்சேன். இந்த விரல்."

 ஒரே சமயத்தில் எல்லோரும் பேசினார்கள். வேற்றுக் குலத்துக்காரி, எங்க அம்மா மண்ணை வித்தவ, இன்னைக்கே கிளம்பட்டும் என்று ஒரு கிழவி மண்ணை வாரி எறிந்தாள்.  கம்பெனி ஆள் பையை மூடப் போனான். பஸ்கால் காகித உறையை அவன் மார்பில் வைத்து அழுத்தினான்.

"அரிசியையும் எடுத்துட்டுப் போங்க."

"இது துக்கத்துக்குக் குடுத்தது தம்பி..."

"எடுத்துட்டுப் போங்க."

மூட்டைகளைச் சுமந்து வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மறுபடி தலையில் ஏற்றினார்கள். ரோட்டின் வளைவில் அவர்கள் மறையும்வரை பஸ்கால் நின்று பார்த்தான். அவர்கள் வேறு ஊருக்குப் போவார்கள், வேறு யாராவது மருமகன் இருப்பான். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

மாலையில் கூட்டம் கலைந்தது. வெரோனிகா பாத்திரங்களைப் பைக்குள் அடுக்கினாள். கடற்கரையோரம் தூரத்து ஊரில் அவளுடைய அண்ணன் இருக்கிறான், இரண்டு நாள் நடை. மூத்த மகள்கள் இருவரும் ஆளுக்கொரு பாயைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

தில்டா வந்து வாசலில் நின்றாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று நிமிராமல் கேட்டாள் வெரோனிகா. "ஆத்தங்கரைல சொன்னாரா?"

தில்டா வந்த காரியத்தைப் பார்க்கிறவள்போலச் சமையல் கொட்டகைப் பக்கம் போனாள். காலையில் கிழங்கை வெட்டிக்கொண்டு எறிந்த சேம்புத் தலைகள் அங்கே குவிந்து கிடந்தன, பாதித் தண்டோடு, வாடாமல். குந்தி உட்கார்ந்து நல்லதாகப் பார்த்துப் பொறுக்கினாள். அழுகியதை ஒதுக்கினாள். முப்பது நாற்பது தேறியது. வாழைநாரால் இரண்டு கட்டாகக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்து, வெரோனிகாவின் பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

வெரோனிகா கட்டுகளைப் பார்த்தாள். நட்டால்தான் அவற்றுக்கு உயிர். இரண்டு நாள் நடையில் காய்ந்துவிடும்.

"எங்க நடுறது?" என்று கேட்டாள்.

தில்டா தன் தோட்டத்துக்கு மேலேயிருந்த சரிவைப் பார்த்தாள். கரிய அடிமரங்களுக்கு நடுவே சிவந்த மண் வெடித்துக் கிடந்தது. அதில் என்ன வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவள் சுவரில் சாய்த்திருந்த, குழி போடும் நடுகழியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். சிறிது நேரம் கழித்து, சருகுகள் இல்லாத அந்தத் தரையில், பின்னால் வரும் காலடிச் சத்தம் கேட்டது.