மீன்கண் குழிகள்

படகின் மாதிரியுருவின்மீது தெளித்த ஜெல்கோட் பூச்சு மூன்றாம் முறையாகவும் விலகிக்கொண்டது. பளபளவென்று படர்ந்த பூச்சு, ஒரு நிமிடத்திற்குள் ஆங்காங்கே சுருங்கி, மீன்கண் போன்ற சிறு குழிகளைக் காட்டிற்று. அந்த உருவின்மேல் எடுக்கப்போகும் ஃபைபர் அச்சுக்கு அந்தப் பூச்சுத்தான் முகம். அதில் பழுது விழுந்தால், அவ்வச்சிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு படகிலும் அது தொடரும்.

"இறுகறதுக்குள்ள துடைங்க மாப்பிள்ளை," என்றார் பட்டறைக்காரர்.

அவருடைய தங்கையின் கணவர் துணியை அசிட்டோனில் நனைத்துத் துடைக்கலானார்.

பட்டறைக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசல்வரை போவார், திரும்புவார். கம்ப்ரசரின் வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தார், சுத்தமாகத்தான் இருந்தது. எங்கிருந்தோ எண்ணெய்ப் பிசுக்கு வந்து பூச்சை விலக்குகிறது. மாப்பிள்ளையோ தலை நிறைய எண்ணெய் வைப்பவர். காலையிலேயே பட்டறைக்காரர் பொறுமையிழந்து தங்கையைத் தொலைபேசியில் அழைத்து, "நாளையிலேர்ந்து உன் வீட்டுக்காரரை வர வேண்டாம்னு சொல்லிடு," என்று கூறிவிட்டார். அவள் சொன்னாளோ, இல்லையோ; நேரில் கேட்க நா எழவில்லை.

"தலைக்கு ஒரு துணி கட்டக் கூடாதா மாப்பிள்ளை?"

"ரெண்டு நாளா கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்கதான் என் முகத்தையே பார்க்க மாட்டேங்கறீங்க."

அது உண்மைதான்.

பாதி துடைத்த மாப்பிள்ளை சட்டென்று நின்றார். "மச்சான், இங்க வாங்க. குழி எல்லா இடத்துலயும் இல்ல. பட்டை பட்டையா போகுது பாருங்க."

அவர் தம் கையை ஒரு பட்டைக்கு மேலே பிடித்துக் காட்டினார். சரியாக ஓர் உள்ளங்கை அகலம். முனையில் தொடங்கிப் பின்புறம்வரை ஓடியிருந்தது. மெழுகிட்டுத் துடைத்த பிறகும் துணியை நம்பாமல், தூசி இருக்கிறதா என்று வெறுங்கையால் ஒருமுறை தடவிப் பார்ப்பது பட்டறைக்காரரின் வழக்கம்.

அவர் தம் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். வெடித்த கைகளுக்கென்று மனைவி நான்கு நாட்களுக்கு முன் வாங்கித் தந்த களிம்பு சட்டைப்பையில் இருந்தது. மாப்பிள்ளை அதை வாங்கிப் பின்பக்கத்தைப் படித்தார்.

"சிலிக்கோன். மூணாவது பேரே அதுதான். இது பட்ட இடத்துல பூச்சு ஒட்டாது."

பட்டறைக்காரர் களிம்பைக் குப்பைக்கூடையில் எறிந்தார்.

உருவைக் கழுவி, நீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்து, புதிதாக மெழுகிட மாலையாயிற்று. அவரோ கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, காலில் வெந்நீர் கொட்டிக்கொண்டவர்போல் உலாவினார். மாப்பிள்ளையே தெளித்தார். ஒரு நிமிடம் போயிற்று. ஐந்து நிமிடம் போயிற்று. பூச்சு அசையாத குளம்போல் நின்றது.

அப்போதும் அவருக்கு நிம்மதி வரவில்லை.

"தங்கச்சி ஏதாவது சொன்னாளா?"

"காலையிலயே சொல்லிட்டா."

"அப்புறமும் ஏன் இந்தப் பாடு பட்டீங்க?"

"நாளையிலேர்ந்துதானே வர வேண்டாம்னீங்க. இன்னிக்கு வேலை இருந்துச்சே."

அவர் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். "தப்பு என் கையில இருந்துச்சு, பழிய உங்க தலையில போட்டுட்டேன். நாளைக்கு பூச்சு மேல ஃபைபர் இழை பதிக்கணும். நீங்க வரணும் மாப்பிள்ளை."

"எட்டு மணிக்கு வந்துடறேன். ஆனா உங்க தங்கச்சிகிட்ட நீங்கதான் பேசணும். அந்தப் பழுதுக்கெல்லாம் என்கிட்ட உப்புத்தாள் கிடையாது."

பட்டறைக்காரர் தொலைபேசியை எடுத்தார். இரண்டாம் மணியிலேயே அவள் எடுத்துவிட்டாள். ஆனால் 'அண்ணா' என்று கூப்பிடவில்லை.

"சொல்லுங்க," என்றாள்.

அவர் மறுபடியும் வாசலை நோக்கி நடக்கத் தொடங்கினார்.